பதினொன்றாம் அத்தியாயத்தில் பேய் இல்லை

புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை, "பொய் மட்டும் சொல்லிராதட்டி" என்பதுதான்.

எனக்கு எழுபத்திரண்டு, அவளுக்கு எழுபது. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள் என்று பதினெட்டு வருஷம் குடியிருந்தோம். இப்போது நான் மெட்டுகுடாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். அவள் இரண்டு தெரு தள்ளி சொந்த வீட்டில் புருஷனோடு இருக்கிறாள். அவள் திருநெல்வேலிப் பக்கம், நான் ஜோலார்பேட்டை. இத்தனை காலம் ஹைதராபாத்தில் இருந்தும் அவள் பேச்சில் "ஏட்டி" போகவில்லை. நடுவில், வேண்டாம் என்பதற்கு இந்த ஊரில் சொல்லுகிற "நக்கோ" மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒட்டிக்கொண்டது.

அவள் எழுதியது பேய்க்கதை. நாலு வருஷமாக நோட்டு நோட்டாக எழுதி, பதிப்பகத்துக்காரர்கள் யாரும் பதில் போடாததால், அச்சகத்தில் கொடுத்து அவளே புத்தகமாகப் போட்டுவிட்டாள். அட்டையில் வெள்ளைப் புடவை கட்டின ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். உள்ளே இருநூறு பக்கத்துக்கு மேல். முதல் பக்கத்தில் "என் அன்புக் கணவருக்கு" என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் அண்ணா போனில் படம் பிடித்துத் தெரு முழுக்கக் காட்டினார். அவள் புருஷனை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

எங்கள் பக்கத்தில் ஒரு அபார்ட்மெண்ட் ஹாலில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தமிழ்க்காரர்கள் கூடிப் புத்தகம் பேசுவார்கள். ஐ.டி. பிள்ளைகள், பேங்க், டிஃபென்ஸ் ஆபீஸ் ரிட்டயர்டு ஆட்கள் என்று முப்பது பேர் தேறும். இரண்டு மாதம் கழித்து அவள் புத்தகம். மூன்று பேர் பேச வேண்டும், அதில் ஒருத்தி நான் என்றாள்.

"எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளைக் கொண்டுபோய் மைக் முன்னாடி நிறுத்துவியாடி?"

"அதுக்குத்தாம்ட்டி உன்னைக் கூப்பிடுதேன். மத்தவுக பின்னட்டையப் படிச்சிட்டு அரை மணி நேரம் பேசிருவாக. உனக்குத் தாண்டிப் படிக்கத் தெரியாதுல்லா."

அது நிஜம். எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. இருபத்தெட்டு வயதில் அவள்தான் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். ஆண்கள் ஒர்க்ஷாப்புக்குப் போன பிறகு, மத்தியானம், பிள்ளைகளின் சிலேட்டில். விரலை வைத்து, எழுத்தைக் கூட்டி, வார்த்தையாக்கி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் எனக்கு அர்த்தம் மண்டையில் ஏறும். ஒரு பக்கத்துக்குக் கால் மணி ஆகும். அவசரப்பட்டால் முதல் வரி மறந்துபோகும்.

மருமகள், "அத்தே, போன்ல போட்டா அதுவே படிச்சுக் காட்டும்" என்றாள். நக்கோ என்றுவிட்டேன். பஸ் போர்டிலிருந்து என் புருஷன் செத்த சர்டிபிகேட் வரைக்கும் நானே படித்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போன் படிக்க நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அது நான் படித்ததாகுமா?

தினம் மத்தியானம் பால்கனியில் நாற்காலி போட்டு உட்காருவேன். நாலு பக்கம், அஞ்சு பக்கம்.

புத்தகம் நன்றாக இல்லை. அதை எப்படிச் சொல்லுவது என்றுதான் முதல் ஒரு மாதம் கவலைப்பட்டேன். ஒரு கல்யாணப்பெண் மலையில் ஒரு பங்களாவுக்கு வாழப் போகிறாள். அங்கே கிணற்றில் விழுந்து செத்த ஒருத்தி பேயாக இருக்கிறாள். அந்தப் பேய் கதவைத் திறக்கும், சாத்தும். விளக்கை அணைக்கும். மல்லிகைப்பூ வாசம் வரும், பனிமூட்டம் வரும். ஒவ்வொரு அத்தியாயமும் "அவள் அலறினாள்" என்று முடியும். அஞ்சு தடவை அலறின பிறகு எனக்கே, போதும் நிறுத்தடி அம்மா, தொண்டை என்னாகும் என்று இருந்தது.

அவள் தினம் போன் பண்ணுவாள். "எத்தனாவது பக்கம்?"

"அறுபத்தி நாலு."

"பயமா இருக்கா?"

"பனிமூட்டம் நல்லா எழுதியிருக்க."

"பயமா இருக்கான்னு கேட்டேன்."

"இன்னும் பக்கம் இருக்குல்ல, இரு."

அவள் குரலில் ஒரு இது இருந்தது. அந்தப் புத்தகம் அவளுக்கு விளையாட்டு இல்லை. எழுபது வயதில் இதுதான் முதல், இதுதான் கடைசி என்று ஒருமுறை சொன்னாள். யாராவது ஒருத்தராவது முழுசாகப் படித்து உள்ளதைச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் இனிமேல் எழுதுவதா, பேனாவை வைத்துவிடுவதா என்று அவளுக்குத் தெரியும். மகன்கள் இருவரும் வெளிநாட்டில். அவர்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அண்ணா படிக்கமாட்டார். "பேய்க்கதைன்னா எனக்குப் பயம் தங்கச்சி. பேயோடவே குடும்பம் நடத்துறவன், தனியா எதுக்குப் படிக்கணும்?" என்று சிரிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்.

பிறகு பதினொன்றாம் அத்தியாயம் வந்தது. நூற்று முப்பத்தெட்டாம் பக்கம்.

அதில் பேய் வரவேயில்லை. பனி இல்லை, பங்களாவைக்கூட மறந்துவிட்டாள் போலிருந்தது. சாயங்காலம், ஒரு சின்ன சமையலறை. தூரத்தில் வேலை முடிகிற சங்கு ஊதுகிறது. அவள் அடுப்பைத் தணிக்கிறாள். பிள்ளையின் சிலேட்டை எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைக்கிறாள். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். வாசலில் புருஷனின் சைக்கிள் வரும். ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டால் ஒன்றுமில்லை. ஸ்டாண்டு போடாமல் சைக்கிளைச் சுவரில் சாய்க்கிற சத்தம் கேட்டால் பிள்ளையைப் பின்வாசல் வழியாக வெளியே அனுப்ப வேண்டும்.

அன்றைக்குச் சைக்கிளைச் சுவரில் சாய்க்கிற சத்தம்.

அவன் கத்தவில்லை. கை கழுவுகிறான், துடைக்கிறான். குரலை இறக்கி, "உட்கார்" என்கிறான். அந்த "உட்கார்" என்ற வார்த்தையில் விரலை வைத்தவள், எடுக்கவில்லை. தெருவில் கறிவேப்பிலைக்காரன் போய்விட்டான், மருமகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள், காபி ஆறி ஏடு கட்டிவிட்டது. எனக்கு அந்தக் குரல் தெரியும்.

அடுத்த பக்கம் திருப்பினேன். அவள் கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டுகிறாள். மூன்று தட்டு.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். குவார்ட்டர்ஸில் எங்கள் நடுச்சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். இரண்டு தட்டு தட்டினால் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று தட்டினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு உடனே வா என்று அர்த்தம். என் மகனுக்குத் தேள் கொட்டினபோது நான் மூன்று தட்டு தட்டினேன். ஈரத் தலையோடு ஓடிவந்தாள். குவார்ட்டர்ஸில் வேறு யாருக்கும் அந்தக் கணக்குத் தெரியாது.

கதையில் அவள் மூன்று தட்டு தட்டுகிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோவின் சத்தம் பெரிதாகிறது. அதோடு அத்தியாயம் முடிந்துவிட்டது. யாரும் அலறவில்லை.

நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்தச் சாயங்காலம் என் நினைவில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். என் புருஷன் அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூன்று தட்டு கேட்டது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அண்ணா ஒர்க்ஷாப்பில் சார்ஜ்மேன், என் புருஷன் அவருக்குக் கீழே ஃபிட்டர். அந்த மாதம் புரமோஷனுக்கு யார் பெயர் என்று அண்ணா எழுதி அனுப்புகிற மாதம். ஆனால் என் புருஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவர் செத்துப்போனவர், அவர்மேல் போடுவது சுலபம். எழுந்து போனது நான்தான். சமையலறையிலிருந்து ரேடியோ வரைக்கும் நாலு அடி. திருகினேன். ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் அவள் வலது மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். குழாயடியில் வழுக்கிவிட்டது என்றாள். "வலிக்குதா?" என்று கேட்டேன். "சிலேட்டை எடு" என்றாள். அந்த மாதம் முழுக்க அவள் இடது கையால் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். நான் அதைப் பார்த்து எழுதிப் பழகினேன். என் கையெழுத்து இன்னமும் இடப்பக்கம் சாய்ந்துதான் இருக்கும். மகன் கேட்பான், ஏம்மா இப்படி என்று. பழக்கம் என்பேன்.

அன்றைக்கும் போன் வந்தது.

"எத்தனாவது பக்கம்?"

"நூத்தி நாப்பத்தொண்ணு."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது கேட்டது.

"சரி," என்றாள். "படி."

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு கூட்டத்து நாள் வரைக்கும் அவள் போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பேய் திரும்பி வந்துவிட்டது. முதல் வரியிலேயே, அந்த ரேடியோவைத் திருகியது பேய்தான் என்று எழுதியிருந்தாள். மீதிப் பக்கங்களையும் நான் ஒரு எழுத்து விடாமல் படித்தேன். படிக்கும்போதெல்லாம் ஒரே யோசனை. ஹாலில் என்ன சொல்லுவது? பனிமூட்டத்தைப் புகழ்ந்துவிட்டு உட்கார்ந்தால் மறுபடியும் ரேடியோவைத் திருகினது போல. உள்ளதைச் சொன்னால் அண்ணா முன்வரிசையில் இருப்பார். கூட்டம் முடிந்து அவள் அவரோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். எனக்கென்ன, பேசிவிட்டு நான் மகன் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். பயந்திருப்பதை யாருக்கும் காட்டக்கூடாது.

ஹால் வாசலில் அண்ணா கைத்தடியோடு நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். காதில் மிஷின். "வா தங்கச்சி. நல்லதா நாலு வார்த்தை சொல்லு. ஒரு வாரமா அவ சரியா சாப்பிடல." பேத்தி வயதுப் பெண் ஒருத்தி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகிற மனுஷர்தான்.

அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பையைத் துழாவினார். பிறகு அவள் பக்கம் குனிந்து, குரலை இறக்கி, மெதுவாக, "தண்ணி பாட்டில் எங்கே?" என்றார்.

அவளுடைய இடது கை தானாகப் போய் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

எழுபது வயதில். முப்பது பேர் நடுவில். ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு. அதைப் பார்த்த பிறகு எனக்குப் பனிமூட்டத்தைப் பற்றிப் பேச வாய் வரவில்லை.

பேங்க் ரிட்டயர்டு ஆபீசர் முதலில் பேசினார். அருமையான நாவல், திகிலின் உச்சம் என்றார். அவர் சொன்ன மூன்று விஷயமும் பின்னட்டையில் இருந்தது. ஐ.டி. பெண் ஒருத்தி, "அட்டை சூப்பரா இருக்கு மாமி" என்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

"எனக்குப் பேசத் தெரியாது, படிப்பும் அரைகுறை," என்றேன். "ஆனா இந்த ஹால்ல இந்தப் புத்தகத்தை ஒரு எழுத்து விடாம படிச்சவ நான் ஒருத்திதான்."

சிலர் சிரித்தார்கள். பேங்க் ஆபீசர் கண்ணாடியைத் துடைத்தார்.

"பேய் சரியில்ல. கதவைத் திறக்குது, சாத்துது, விளக்கை அணைக்குது. எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அம்மா கூட இவ்வளவு ஒழுங்கா செய்யறதில்ல. அதைப் பார்த்து எனக்கு பயமே வரல."

ஹாலே சிரித்தது. அண்ணா எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினொண்ணாவது அத்தியாயத்துல பேய் இல்ல. அங்கதான் எனக்கு பயம் வந்தது. அதுல ஒரு பொம்பளை ஆபத்துல சுவத்தைத் தட்டறா. மூணு தட்டு. அந்தப் பக்கம் ரேடியோ பெருசாகுது. அதை எழுதின கை, மனசார எழுதின கை. இவ இனிமேலும் எழுதணும், இப்படி எழுதணும். ஆனா அடுத்த அத்தியாயத்துல ஒரு தப்பு பண்ணிட்டா."

தண்ணீர் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

"ரேடியோவைத் திருகினது பேய்னு எழுதிட்டா. அந்தப் பேய் பாவம், அது என்ன பண்ணிச்சு? ரேடியோவைத் திருகணும்னா ஒருத்தி எழுந்திரிக்கணும். நாலு அடி நடக்கணும். தட்டினது காதுல விழுந்தாத்தான் நடப்பா, விழாதவ எதுக்கு நடக்கணும்? அவளைத் தப்பிக்க விட்டது இந்தப் புத்தகத்தோட குறை. எனக்கு எப்படித் தெரியும்னா, லாலாகுடா குவார்ட்டர்ஸ்ல அந்த நாலு அடி நடந்தவ நான்தான்."

யாரும் கை தட்டவில்லை. ஐ.டி. பெண்ணின் வாய் திறந்தபடி இருந்தது. அவளுக்கு முழுசாகப் புரிந்திருக்காது, ஆனால் ஏதோ ஒன்று அறைக்குள் வந்துவிட்டது என்று தெரிந்திருக்கும். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் அவள், என் பங்கை மட்டும்தான் நான் சொல்லலாம் என்று பட்டது. அதிலும் பயம் கொஞ்சம் கலந்திருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அண்ணா காது மிஷினைத் தொட்டுச் சரிசெய்தார். அவள் பக்கம் குனிந்தார். குரல் இறங்கியது. ஆனால் ஹால் அவ்வளவு அமைதியாக இருந்ததால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"என்ன சொல்றா அவ? எந்த ரேடியோ?"

அவள் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்தாள். எடுத்து மடியில் இருந்த புத்தகத்தின் மேல் வைத்தாள். குரலை இறக்காமல், தெருவில் காய்கறிக்காரனைக் கூப்பிடுகிற சத்தத்தில் சொன்னாள்.

"நம்ம குவார்ட்டர்ஸ்ல, இவ வீட்டு ரேடியோ. நீங்கதான் படிக்க மாட்டேன்னுட்டீகளே. வீட்டுக்குப் போய் நானே படிச்சுக் காட்டுதேன்."

அவர் கைத்தடியின் பிடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேங்க் ஆபீசர் அவசரமாக எழுந்து எல்லோருக்கும் டீ என்றார்.

டீ குடிக்கிற இடத்தில் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"வேலைக்காரியாம்லா என் பேயி," என்றாள். "அப்படியாட்டி சொல்லுவ, நாலு பேரு முன்னால?"

"பொய் சொல்லாதேன்னது நீதானே."

"சொன்னேன். அதுக்காக?" டீயை ஒரு வாய் குடித்தாள். "நீ கேட்டுட்டுத்தான் திருகினியான்னு எனக்கு நாப்பது வருசமா தெரியாதுட்டி. நீ வீட்டுல இல்லாம, பிள்ளைக யாரும் திருகியிருப்பாகளோன்னு இருந்தேன். அப்படி நெனச்சுக்கிட்டாத்தான் மறுநாள் உன்கிட்ட வர முடிஞ்சுது."

மன்னித்துவிடு என்ற வார்த்தை என் வாயில் பழக்கமில்லாதது. அவளும் அதற்காகக் காத்திருக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டுப் போய் அண்ணாவைக் கூட்டிக்கொண்டு லிஃப்டுக்குள் போனாள். கதவு மூடுகிறவரைக்கும் இரண்டு பேரும் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னிக்கு என் வீட்டுக்கு வாடி" என்று சொல்லியிருக்கலாம். லிஃப்ட் மூடின பிறகுதான் தோன்றியது.

திங்கட்கிழமை போன் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. புதன்கிழமை காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு தெருவும் நடந்து போனேன். மருமகள் எங்கே என்று கேட்டதற்குப் பதில்கூடச் சொல்லவில்லை. அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. காலிங்பெல் இருந்தது. நான் அதை அமுக்காமல் விரல் முட்டியால் தட்டினேன். மூன்று தட்டு.

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அது யாருடைய நாற்காலி என்று தெரியாமல் நின்ற அந்த அரை நிமிஷம், அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லாத பயம்.

அவள்தான் கதவைத் திறந்தாள். கையில் பேனா. நான் முதலில் அவள் மணிக்கட்டைத்தான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. உள்ள வா."

அண்ணா ஹாலில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். வா தங்கச்சி என்று சொல்லவில்லை. அவருக்கு முன்னால் இருந்த டம்ளரைச் சுற்றிப் பால் சிந்திக் கிடந்தது. அவரே போட்ட காபி போலிருந்தது.

சமையலறையில் நின்றுகொண்டு அவள் சொன்னாள். "பதினொண்ணாவது அத்தியாயம் முழுசும் படிச்சுக் காட்டினேன். உன்ன மாதிரி மெதுவா, ஒவ்வொரு எழுத்தா. பாதியில காது மிஷினைக் கழட்டப் போனாக. நக்கோ, வச்சுக்கோங்கன்னேன்."

"வச்சுக்கிட்டாரா?"

"வச்சுக்கிட்டாக."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. இன்னும் சொல்லல. மூணு நாளாச்சு." அவள் எட்டி ஹாலைப் பார்த்துக்கொண்டாள். பிறகு மேஜையிலிருந்த நோட்டைத் திறந்து என் முன்னால் தள்ளினாள். "பன்னெண்டாவது அத்தியாயத்தை மாத்தி எழுதுதேன். பேய வெளிய அனுப்பியாச்சு. ரேடியோகிட்ட நடந்தவளுக்கு இப்ப முகம் வேணும். உன்ன எப்படி எழுதட்டும்?"

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு, ஹால் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன்.

"உள்ளபடி எழுது," என்றேன். "நீ எழுதி முடிக்கிற வரைக்கும் இங்கயே இருக்கேன்."